விமான நிலையக் காட்சி சான்றாகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1963 நவம்பர் 22இல் டல்லாஸ் நகர ஊர்வலத்தில் நடந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலையில் மெய்க்காப்பாளர்களுக்கும் பங்கு உண்டு என்று காட்ட ஒரு துண்டு வீடியோ குமரி மாவட்ட வாசகர் கூட்டங்களில் கைமாறிக்கொண்டிருக்கிறது. டல்லாஸ் விமான நிலையத்தில் கார் நகரும்போது, கூடவே வந்த மெய்க்காப்பாளர் ஒருவர் இரு கைகளையும் விரித்துப் பின்தங்குகிறார். "காவலை விலக்கிவிட்டார்கள், பார்" என்கிறார்கள். ஆனால் கென்னடி திரும்பும்வரை விமான நிலையத்திலேயே இருப்பதுதான் அந்த மெய்க்காப்பாளருக்கு அன்று தரப்பட்ட வேலை. ஊர்வலக் கார்களில் அவருக்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

பார்க்க வேண்டியது ஏறக்குறைய ஐந்து நொடிகளை. ஊர்வலத்தைப் படமெடுத்த பார்வையாளர் ஜாப்ருடரின் கேமரா நொடிக்கு 18.3 ஃபிரேம் வேகத்தில் ஓடியது. சாலைப் பலகையின் மறைவிலிருந்து கென்னடி வெளிப்பட்டு, கைகள் கழுத்தை நோக்கி உயர்வது 225ஆம் ஃபிரேம் அளவில். தலையில் குண்டு பாய்வது 313இல். இடையில் 88 ஃபிரேம், அதாவது 4.8 நொடி. அப்போது காரின் சராசரி வேகம் மணிக்கு 11.2 மைல், நம் கணக்கில் 18 கிலோமீட்டர். மணிமேடைச் சந்திப்பில் டவுன் பஸ் திரும்புகிற வேகம்தான். டிரைவர் வில்லியம் கிரீர் இருமுறை திரும்பிப் பார்க்கிறார். கடைசிக் குண்டு பாயும்போதும் அவர் முகம் பின்பக்கம்தான் இருக்கிறது. கார் அடியோடு நின்றது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதை ஃபிலிம் காட்டவில்லை. வேகம் குறைகிறது, நிற்கவில்லை. ஆனால் குறைந்ததே பெரிய தவறு. முதல் சத்தத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்திருக்க வேண்டும்.

டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த மெய்க்காப்பாளர் ராய் கெல்லர்மன் விஷயத்தில் இரண்டு விசாரணைகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. முன் சீட்டின் முதுகுக்கு மேல் 15 அங்குல உயரத்தில் உலோகக் கம்பி, அதற்குப் பின்னால் மடக்கு இருக்கைகளில் ஆளுநர் கானலியும் மனைவியும். அதனால் அவர் பின்னால் போவது தடைபட்டது என்றது கொலையை விசாரித்த 1964இன் வாரன் கமிஷன். தன் உடலால் தலைவரை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை, செய்வதே துறையின் நடைமுறை என்றது 1979இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு. இரண்டுமே சரி என்பது எங்கள் கருத்து. அந்தக் கம்பியோடு காரை வடிவமைத்தவர்களும், அதைத் தாண்டப் பழக்காதவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பின்னால் வந்த காரின் ஃபுட்போர்டில் நின்ற மெய்க்காப்பாளர் ஜான் ரெடி கீழே இறங்கியவுடன் மேலதிகாரி எமரி ராபர்ட்ஸ் திரும்பக் கூப்பிட்டதும் 'சதி'ப் பட்டியலில் இருக்கிறது. கார்கள் வேகமெடுத்தபோதுதான் தன்னைக் கூப்பிட்டதாக ரெடியே எழுதிக் கொடுத்திருக்கிறார். தன் காரின் பின்படியில் மெய்க்காப்பாளர் யாரும் நிற்கக்கூடாது என்று கென்னடி சொன்னார் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மெய்க்காப்பாளர் கிளின்ட் ஹில் அன்றைக்கே டல்லாஸின் மெயின் வீதியில் சுமார் நான்கு முறை அந்தப் படியில் ஏறி நின்றார்.

மது விவகாரம் கட்டுக்கதை அல்ல. முந்தைய இரவு பக்கத்து நகரமான ஃபோர்ட் வொர்த்தில் மெய்க்காப்பாளர்கள் ஒன்பது பேர் குடித்தார்கள். பயணப் பணியில் மது கூடாது என்பது விதி, மீறினால் வேலை போகும். ஒருவருக்கும் தண்டனை இல்லை. அவர்கள் மீது கறை படியும் என்று தலைமை அதிகாரி ரவ்லி காரணம் சொன்னார். ஒன்பதில் நான்கு பேர் மறுநாள் பின்காரில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹில். ஓடிப்போய்க் காரில் ஏறிய ஒரே ஆளும் அவர்தான். இதைச் சொல்லாமல் மது பற்றிப் பேசுவது அரை உண்மை.

சந்தேகம் வலுக்க நியாயமான இடம் ஒன்று உண்டு. கொலை தொடர்பான ஆவணங்களைத் திரட்டச் சட்டம் வந்த பிறகும், 1963 பிற்பகுதிப் பயணங்களின் பாதுகாப்பு அறிக்கைகள் சிலவற்றை, மெய்க்காப்பாளர்களின் துறையான சீக்ரெட் சர்வீஸ் 1995இல் அழித்துவிட்டது. கேள்வி கேட்பவர்கள் இதைக் கேட்கட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் கொலைக்குப் பிறகு பாதுகாப்புக் குறையை வர்மா கமிஷனும், சதியை ஜெயின் கமிஷனும் தனித்தனியே விசாரித்தன. நவம்பர் 22 நினைவுக் கட்டுரை வெளியிடும்போது தாங்களும் இந்த இரண்டையும் பிரித்தே எழுதுமாறும், அந்த விமான நிலையப் படத்தைப் போட்டால் அந்த மெய்க்காப்பாளரின் பணி எங்கே என்பதைப் படத்தின் கீழேயே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.