கண்மாய தோண்டியாச்சு, மடைய யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க மாவட்டத்துல கண்மாய் தூர்வாருற வேலை நடக்குதுன்னு போன வாரம் நம்ம பேப்பர்ல படிச்சேன், சந்தோசம்தான், ஆனா ஒரு விசயம் ரெண்டு நாளா மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். நமக்கு சிவகங்கை மாவட்டம், காளையார்கோவில் பக்கம், ரெண்டு ஏக்கர் நஞ்சை, கண்மாய் தண்ணிதான்.

சில வருசம் முன்னாடி எங்க கண்மாய்லயும் ஜேசிபி விட்டு தோண்டினாங்க. தோண்டினவங்களுக்கு மடை, அதாவது கண்மாய்ல இருந்து வயலுக்கு தண்ணி தொறந்து விடுற வாய், எந்த மட்டத்துல இருக்குன்னே தெரியல, மடைவாய்க்கு கீழ நாலடி அஞ்சடின்னு குழி குழியா பறிச்சு மண்ண லாரில ஏத்திட்டு போயிட்டாங்க. அந்த கார்த்திகைல நல்ல மழை, ஆனா தைல கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மடைய தொறந்தா வயலுக்கு சொட்டு வரல, தண்ணி பூரா குழில நிக்குது, கண்ணுக்கு தெரியுது கைக்கு வரல. இன்ஜின் வச்சு எறைச்சும் பாதி பதராத்தான் போச்சு. ஊர்ல ஒரு ஆள கேட்டிருந்தா போதும், எங்க பறிக்கலாம் எங்க பறிக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு.

அந்த ஆளுக்கு பேரு நீர்க்கட்டி, மடைய தொறந்து அடைச்சு தண்ணிய பங்கு போட்டு விடுறவரு. எங்க அப்பா காலத்துல இருந்தாரு. கண்மாய்க்குள்ள இருக்குற குமிழிமடை கல்தூண் வரைக்கும் நீந்திப்போய் முங்கி அடைப்ப எடுப்பாரு, தூண்ல எந்த கல்லு வரைக்கும் தண்ணி நிக்குதோ அத பாத்தே இன்னும் எத்தன நாளைக்கு பாயும்னு சொல்லிருவாரு. ஆயக்கட்டுல, அதான் கண்மாய் தண்ணி பாயுற நிலத்துல, அவருக்குன்னு ஒரு சென்ட் கூட கிடையாது, அதனால யாரு பக்கமும் சாய மாட்டாரு, கடைமடைக்கு பாய்ஞ்ச பிறகுதான் தலைமடைன்னு அவர் சொன்னா பெரிய வீட்டுக்காரங்களும் கேட்டுத்தான் ஆகணும். களத்துல நெல்லு அளந்து குடுப்போம். அப்புறம் ஆளாளுக்கு போர் போட்டோம், இலவச கரண்ட்டு வந்துச்சு, கண்மாய நம்பியா இருக்கோம்னு நெல்லு அளக்குறத நிறுத்திட்டோம். நாங்கதான் நிறுத்தினோம். அவர் மகன் திருப்பூர் போயிட்டாரு. கண்மாய்க்கு மழைத்தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் வர்றதும் நின்னு போச்சு, இப்ப கால் முழுக்க சீமைக்கருவேலம். கண்மாய் நெறையாட்டி கிணறு எப்படி ஊறும், என் போரே 180 அடில இருந்தது இப்ப 400 அடி.

அரசாங்கத்தையும் கேக்கணும். 2003ல நிலத்தடி நீருக்குன்னு சட்டம் போட்டாங்க, சரியா நடைமுறைக்கே வராம 2013ல அதை ரத்து பண்ணிட்டாங்க. 2017ல ஊர்க்காரங்களே சேர்ந்து கண்மாய பராமரிக்கிற பழைய முறைய குடிமராமத்துன்னு திரும்ப கொண்டு வந்தாங்க, பேர்ல குடி இருக்கு, ஆனா எங்க ஊர்ல குடிகள யாரும் கூப்பிடல.

மகாராஷ்டிராவுல அகமதுநகர் (இப்ப அகில்யாநகர்) பக்கம் ஹிவ்ரே பஜார்னு ஒரு கிராமம், மழை எங்க பக்கத்த விட ரொம்ப கம்மி. அங்க பாசனத்துக்கு போர் போடக்கூடாது, கரும்பும் வாழையும் போடக்கூடாதுன்னு ஊரே கூடி முடிவு பண்ணி, வருசா வருசம் பேஞ்ச மழைய கணக்கு பாத்து என்ன பயிர் வைக்கலாம்னு கிராம சபைல பேசுறாங்க. அந்த ஊர் தலைவரா இருந்த பொபட்ராவ் பவாருக்கு 2020ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. எங்க பெரியவங்களும் இதத்தானே பண்ணிக்கிட்டு இருந்தாங்க, தண்ணி கம்மியா கிடந்தா பங்கு போட்டு ஆளுக்கு அரை ஏக்கர் மட்டும் நடுவாங்க.

அதனால கேக்குறது இதான். தூர்வாரும்போது மடைமட்டத்த அளந்து ஆயக்கட்டுக்காரங்க முன்னாடி குறிச்சுட்டு பறிங்க. வர்ற வண்டலும் கரம்பையும் முதல்ல எங்க வயலுக்கு, செங்கச்சூளைக்கு இல்ல. நீர்க்கட்டிக்கு பஞ்சாயத்துல இருந்து மாச சம்பளம் குடுங்க, கண்மாய்ல மீன் பிடிக்க விடுற மீன்பாசி ஏலத்துல வர்ற பணத்துல ஒரு பங்கு ஒதுக்கினாலே போதும். அக்டோபர் 2 கிராம சபைல இத தீர்மானமா வைக்க நாங்க முப்பது பேர் கையெழுத்து போட்டு வச்சிருக்கோம். ஐப்பசி மழைக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தர அனுப்புங்க, அந்த குழிகள நானே கூட்டிப்போய் காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு கண்மாய்ப் பாசன விவசாயி,
சிவகங்கை மாவட்டம்