பிரிக்காத அல்வாப் பொட்டலம்

வெலிங்டன்,
30.10.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற வாரம் இங்கே நடந்த ஒன்றைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

மெல்போர்னில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே அது முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் தொழிலாளர் தின விடுமுறை என்பதால் நம் பக்கத்துக் குடும்பங்கள் ஐந்தாறு, பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தன. கடைசி ஓவரில் 16 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஒருவரும் உட்காரவில்லை. அஸ்வின் காலருகே வந்த பந்தைத் தொடாமல் விட்டு வைடு ஆக்கி, அடுத்த பந்தைத் தூக்கி அடித்து வெற்றி ஓட்டத்தை எடுத்தபோது நானும் கத்தினேன்.

அதன் பிறகுதான் பேச்சு கெட்டது. தோற்றவர்களின் பந்துவீச்சைப் பற்றித் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாட்டு மக்கள் உண்பது, உடுத்துவது, தொழுவது, குளிப்பது என்று இறங்கிக்கொண்டே போயிற்று. நான் காப்பித் தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளியில் உங்கள் பேரன் அந்த வார்த்தைகளில் ஒன்றைத் தன்னோடு படிக்கும் லாகூர்ப் பையனிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பையனின் தாய் என்னோடு ஒரே வார்டில் பணிபுரியும் செவிலி. அவர் சண்டைக்கு வரவில்லை. பணி மாறும் நேரத்தில் நோயாளிகளின் விவரங்களை ஒப்படைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் எங்களைப் பற்றி இப்படித்தான் பேசுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பேசவில்லை என்பது உண்மைதான், ஆனால் பேசியது என் வீட்டுக் கூடத்தில்தானே, அப்பா?

இந்த நாட்டிலும் விளையாட்டுப் பகை உண்டு, அது ஆஸ்திரேலியாவோடு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நியூஸிலாந்து ஹாக்கித் தங்கம் வென்றதை, கோவில்பட்டிக்குப் போட்டி பார்க்கப் போகும் வழியில் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். இறுதி ஆட்டத்தில் அவர்கள் 1-0 என்று தோற்கடித்தது ஆஸ்திரேலியாவைத்தான் என்று நான் இங்கே சொன்னபோது, என் வார்டில் இருந்த ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் இவர்களால் மறக்க முடியாதது 1981 பிப்ரவரி 1. அதே மெல்போர்ன் மைதானத்தில், கிரிக்கெட் ஆட்டத்தைச் சமன் செய்ய நியூஸிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஆறு ஓட்டங்கள் வேண்டும் என்ற நிலையில், ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சாப்பல் தம் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். அப்போதைய விதியில் அதற்குத் தடை இல்லை. அதைக் கோழைத்தனம் என்று சாடிய நியூஸிலாந்துப் பிரதமர் மல்டூன், ஆஸ்திரேலியர் மஞ்சள் சட்டை அணிந்திருந்தது பொருத்தம்தான் என்றார். நமக்கு மங்கலமான மஞ்சள், இவர்கள் மொழியில் கோழையின் நிறம்.

பாவ்லோவா என்ற இனிப்பு யாருடையது என்று இன்றும் வழக்காடுகிறார்கள். ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரை பிறந்தது இங்கே, வென்றது அங்கே. அதன் எலும்புக்கூடு இவ்வூர் அருங்காட்சியகத்திலும், தோல் மெல்போர்னிலும், இதயம் கான்பெராவிலும் இருக்கின்றன. இவர்கள் 'ஃபிஷ்' என்பது 'ஃபஷ்' என்று ஒலிப்பதையும், இங்கே ஆடுகள் மிகுதி என்பதையும் வைத்து ஆஸ்திரேலியர் செய்யும் கேலிகளில் சில எழுதக் கூசுபவை. ஆயினும் 1915-இல் துருக்கியின் கல்லிப்போலியில் சேர்ந்து போரிட்டு மாண்டவர்களுக்காக ஏப்ரல் 25 அன்று இரு நாட்டாரும் விடியலில் எழுந்து நிற்கிறார்கள். அவர்களுடையது மாமன் மச்சான் கேலி. நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் பிரிவினையின் இரத்தமும் போர்களும் கிடக்கின்றன. அங்கே எறியும் சொல் கேலியாகப் போய் விழுவதில்லை.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். சென்னையில் விடுதியில் சேர்ந்த முதல் மாதம், நீங்கள் ரயிலடி வரை வந்து கொடுத்துவிட்ட அல்வாவை அறைத் தோழிகளுக்காக எடுத்தேன். அதற்குள் ஒருத்தி, "திருநெல்வேலிக்காரி நமக்கு அல்வா கொடுக்க வந்துட்டா" என்றாள், இன்னொருத்தி, "உங்க வீட்டுல எத்தனை அருவா இருக்கு?" என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் பொட்டலத்தைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு பல ஆண்டுகள் நம் ஊர்ப் பேச்சு என் நாவில் வராமல் காத்துக்கொண்டேன். ஊரின் பெயரையும் உணவையும் வைத்து அடிப்பது எப்படி இருக்கும் என்று அறிந்த நான்தான் அன்று தம்ளர் அடுக்கினேன்.

வியாழக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் மன்னிப்புக் கேட்டான், நானும் கேட்டேன். அவர்கள் எங்களை உட்காரவைத்துத் தேநீர் தந்தார்கள். பையன்கள் இருவரும் முகம் பார்த்துப் பேச இன்னும் சில நாள் ஆகும். அன்று வந்திருந்த குடும்பங்களுக்கும் சொல்லிவிட்டேன்: இனி என் வீட்டில் ஆட்டம் பார்க்கலாம், ஆட்டத்தை மட்டுமே பேசலாம். ஒருவர் வருத்தப்பட்டார். பரவாயில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1999 சனவரியில் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றபோது, அரங்கத்து மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். தொலைக்காட்சியின் முன் நீங்களும் எழுந்து நின்றீர்கள். தோற்ற வருத்தத்தில் அழுதுகொண்டிருந்த என்னையும் எழுப்பி நிற்கவைத்தீர்கள். அதை நான் சொன்னால் உங்கள் பேரனுக்கு அவனைக் கண்டிப்பதாகத் தோன்றும். நீங்களே அவன் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

தங்கள் அன்பு மகள்