நட்சத்திரத்தை அழிக்காதீர்கள்: மின்னஞ்சல் மென்பொருள் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மின்னஞ்சல் படிக்கும் மென்பொருளை எழுதுகிற, அதன் திரையை வடிவமைக்கிற எல்லோருக்கும் இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து வணக்கம்.

இங்கே ஒரு நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். காற்று எச்சரிக்கை, அலை எச்சரிக்கை, மீன்பிடித் தடைக்கால நிவாரண விண்ணப்பம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வருவதைச் சுருக்கி, பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்கு வெற்று உரையாக மெயில் போடுவேன். படமும் வண்ணமும் சேர்த்தால் கரையோரத்துச் சிக்னலில் இறங்குவதற்குள் வள்ளம் போய்விடும். வெற்று உரைக்கு அந்தப் பாரம் இல்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவானாலும், ஒரு பக்க அறிவிப்பு சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

வெற்று உரையில் தடித்த எழுத்து கிடையாது. அழுத்திச் சொல்லவேண்டிய சொல்லுக்கு இரு பக்கமும் நட்சத்திரக் குறி (*) போடுகிறோம். இது பழைய வழக்கம். 1995-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பிலேயே, அழுத்தத்துக்கு நட்சத்திரமும் அடிக்கோடிடுவதற்குக் கீழ்க்கோடும் போடச் சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் வேறு வழியில்லாவிட்டால் பெரிய எழுத்தில் அடித்துக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இல்லை. 'தான்' போடலாம், ஏகாரம் போடலாம். ஆனால் இருபது வரி அறிவிப்பில் எந்தச் சொல் உயிர் காக்கும் சொல் என்று ஏகாரம் கண்ணுக்குக் காட்டாது.

எங்கள் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று அடிக்கும் நாளில் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை பிறந்தால் தலைகீழ். ஆகவே நான் அனுப்பும் வரி இப்படி இருக்கும்:

*தென்கடல்* பக்கம் இன்று போகவேண்டாம். வடகடலுக்கு எச்சரிக்கை இல்லை.

அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு செல்போனைப் பார்க்கிறவருக்கு அந்த ஒரு சொல் முதலில் தெரியவேண்டும். அதைத் தடித்துக் காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். யாரும் அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டியிராமல், மென்பொருளை நிறுவியதுமே அப்படித் தெரியவேண்டும். எங்கள் ஊரில் அமைப்புகளைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? முதல்நாள் எப்படி வந்ததோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும். அதனால்தான் நீங்கள் முதலில் வைக்கிற நிலையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்தது இதைவிட முக்கியம். தடித்துக் காட்டிவிட்டு நட்சத்திரத்தை மறைக்காதீர்கள்.

போன வாடைக்காலத்தில் நடந்தது. ஃபைபர் வள்ளம் ஒன்று வடகடலில் எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வள்ளத்தில் இருந்தவர் போனில் ஜிபிஎஸ் பாயிண்ட்டைச் சொன்னார்: ஒன்பது டிகிரி இருபத்துநாலு, எழுபத்தொன்பது டிகிரி பதினாறு. அவசரத்துக்குப் போன்தான் என்றாலும், எழுத்தில் ஒரு பதிவு வேண்டும் என்று பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கு மெயிலும் போட்டேன். டிகிரிக்கான சிறு வட்டம் விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தேட நேரமில்லை. இங்கே பலரும் அதற்கு நட்சத்திரம்தான் போடுவார்கள். நானும் போட்டேன்.

9*24 79*16

சற்று நேரத்தில் அங்கிருந்து போன். "அண்ணே, பாயிண்ட் அனுப்புறேன்னு சொல்லிட்டு ஏதோ போன் நம்பர் அனுப்பியிருக்கீங்க?" அவர்கள் கணினியில் இருந்த மென்பொருள், இரண்டு நட்சத்திரத்தையும் அழுத்தக் குறி என்று எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்ததைச் சாய்த்துவிட்டு, குறிகளை விழுங்கிவிட்டது. அவர் திரையில் தெரிந்தது 924 7916. நான் வாயால் சொல்லி, அவர் பேனாவால் எழுதிக்கொண்டார். வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்கள், ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் கேட்காமல் இருந்திருந்தால்? குறி கண்ணுக்குத் தெரிந்திருந்தால், மென்பொருள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் படிக்கிற மனிதர் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார்.

இதற்கு நல்ல முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் வெற்று உரை மெயிலில் நட்சத்திரமிட்ட சொல்லைத் தடித்துக் காட்டுகிறது, நட்சத்திரத்தையும் அதனிடத்தில் விட்டுவைக்கிறது. அந்த வழியைத்தான் கேட்கிறேன். வாட்ஸ்அப் 2016 முதல் நட்சத்திரத்தை எடுத்துவிட்டுத் தடித்த எழுத்தை மட்டும் காட்டுகிறது, மக்கள் பழகிவிட்டார்களே என்று நீங்கள் சொல்லலாம். அங்கே எழுதுகிறவர், தான் எழுதியது எப்படித் தெரிகிறது என்று தன் திரையிலேயே பார்த்துவிடுகிறார். மெயிலில் அது முடியாது. நான் ஒரு மென்பொருளில் எழுதுகிறேன், வாங்குகிறவர் வேறொன்றில் திறக்கிறார். நான் அடித்த எழுத்து அவரிடம் முழுதாகப் போய்ச் சேரவேண்டும். அவர் அதை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினாலும் ஓர் எழுத்துகூடக் குறையக்கூடாது.

சொல்லைச் சாய்த்துக் காட்டச் சிலர் இரு பக்கமும் போடும் சாய்கோட்டை (/) அழுத்தக் குறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தேதிக்கும் 'அல்லது' என்பதற்கும் நாங்கள் அதைத்தான் போடுகிறோம். தடைக்காலத்தை 15/4 முதல் 14/6 வரை என்று எழுதுவதே இங்கே வழக்கம். போதாததற்கு, சாய்த்த தமிழ் எழுத்து படிக்கக் கடினம். சுழியும் கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, சின்னத் திரையில் 'ள' எது 'ன' எது என்று கண் திணறும். கீழ்க்கோடும் அப்படித்தான், விண்ணப்பத்தில் பெயர் ______ படகு எண் ______ என்று நிரப்புவதற்கு விட்ட இடம் அது.

தமிழில் உருபு சொல்லோடு ஒட்டி வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். *தென்கடல்*ல என்று எழுதினால், மூடும் நட்சத்திரத்துக்குப் பின் இடைவெளி இல்லை என்று சில செயலிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு வகுத்த விதி அது. நட்சத்திரத்துக்கு இரு புறமும் எண் இருந்தால் தொடாதீர்கள், திறக்கும் நட்சத்திரம் வரியின் தொடக்கத்திலோ இடைவெளிக்குப் பின்னோ இருந்தால், மூடும் நட்சத்திரத்துக்குப் பின் தமிழ் எழுத்து வந்தாலும் தடித்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் இந்த இரண்டு விதி போதும்.

அடுத்த பதிப்பை வெளியிடுமுன் சோதித்துப் பார்க்க இரண்டு வரி தருகிறேன். முதல் வரியில் ஒரு சொல் தடித்துத் தெரியவேண்டும், இரண்டாவதில் எதுவும் மாறக்கூடாது, இரண்டிலும் எல்லா நட்சத்திரமும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும்.

*தென்கடல்*ல இன்று காற்று பலம்.
9*24 79*16