அளவுகோடு இல்லாத படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நன்னீர் நுண்ணுயிர்களின் வண்ணப் படங்களை முழுப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் யூக்ளினா, பாரமீசியம், சைக்ளாப்ஸ் மூன்றும் ஒரே அளவில் அச்சாகியிருந்தன. எந்தப் படத்திலும் அளவுகோடு, அதாவது உண்மை நீளத்தைக் காட்டும் சிறு கோடு, இல்லை. புதிதாக நுண்ணோக்கியில் கண் வைப்பவர் அந்தப் பக்கத்தை அருகில் விரித்துக்கொண்டு தேடினால் பெயர்களை மாற்றி மாற்றித்தான் சூட்டுவார். யூக்ளினா ஏறத்தாழ 50 மைக்ரான் நீளம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பாரமீசியம் காடேட்டம் 200 முதல் 300 மைக்ரான் வரை வரும். வளர்ந்த சைக்ளாப்ஸ் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். ஜாடியில் துள்ளும் வெண்புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அளவைக் கணிக்கத் தனிக்கருவி தேவையில்லை. கண்ணருகு லென்ஸின் விளிம்பில் 18 அல்லது 20 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அதைப் பொருளருகு லென்ஸின் பெருக்கத்தால் வகுத்தால் பார்வை வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எண் 18 என்றால் 4 மடங்கு லென்ஸில் 4.5 மி.மீ., 10 மடங்கில் 1.8 மி.மீ., 40 மடங்கில் 0.45 மி.மீ. எண் இல்லையா, ஒளி புகும் பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வைத்து, வட்டத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று பார்த்துவிடலாம். மற்ற லென்ஸ்களுக்கு அதிலிருந்தே கணக்கிடலாம். 10 மடங்கில் பார்க்கும்போது வட்டத்தின் குறுக்கே ஓர் உயிரியை வரிசையாக ஆறு முறை அடுக்கலாம் என்று தோன்றினால் அதன் நீளம் 300 மைக்ரான். பெயரைத் தேடுவது அதற்குப் பிறகு.

அளவுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது வடிவம் அல்ல, நகரும் விதம். பாரமீசியத்தின் செருப்பு வடிவத்தைப் பாடநூலில் பார்த்தவர்கள் அதையே தேடுகிறார்கள். நீந்தும்போது அது தன் நீள அச்சில் உருண்டுகொண்டே போகும். அந்த வடிவம் கண்ணில் நிற்காது. எதிலாவது முட்டினால் சட்டெனப் பின்வாங்கி, சற்றுத் திரும்பி, மறுபடி முன்னே போகும். நின்று கிடக்கும் ஒன்றைக் கண்டால் உடலின் இரு முனைகளுக்கருகே பாருங்கள். சுருங்கும் நுண்குமிழ்கள் மாறி மாறி நீரால் நிறைந்து அதை வெளியேற்றுவதும், அவற்றைச் சுற்றிக் கதிர்போல் கால்வாய்கள் விரிவதும் தெரிந்தால் ஐயமில்லை. காம்பின் நுனியில் மணிபோல் இருக்கும் வார்ட்டிசெல்லாவுக்கு இத்தனை சோதனை வேண்டாம். மேசையை லேசாகத் தட்டினால் காம்பு சுருள்வில்லாக ஒடுங்கி, பிறகு மெல்ல நீளும்.

சக்கர உயிரிகள் எனப்படும் ரோட்டிஃபர்களில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தலையில் குற்றிழைகள் எனும் நுண்மயிர்கள் சுழல்வதைப் பார்த்ததும், எக்காள வடிவ உயிரியான ஸ்டென்ட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். ஒற்றைச் செல்லா, பல செல்லா என்பதை இங்கே அளவை வைத்துச் சொல்ல முடியாது. ஒற்றைச் செல்லான ஸ்டென்ட்டர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சுமார் ஆயிரம் செல்கள் கொண்ட ரோட்டிஃபரோ பல நேரம் 200 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். உடலின் முன்பாதியில், தொண்டைக்குள், இடைவிடாமல் அரைத்துக்கொண்டிருக்கும் தாடைகளைத் தேடுங்கள். தலைச் சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்ட ரோட்டிஃபரிலும் அந்த அசைவு பெரும்பாலும் தெரியும். ஒற்றைச் செல் உயிரி எதிலும் அது கிடையாது.

பச்சையாக இருப்பதெல்லாம் யூக்ளினா ஆகாது. அதற்கு முன்முனையில் சிவப்புக் கண்புள்ளி உண்டு, உடலும் நெளிந்து உருமாறும். பச்சைப் பாசியான கிளாமிடோமோனாஸிலும் கண்புள்ளி உண்டு; ஆனால் அதன் செல்சுவர் விறைப்பானது, நெளியாது. ஐயமிருந்தால், துளியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் நீர்த்த அயோடின் ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கம் உறிஞ்சுதாளை வைத்து உள்ளே இழுங்கள். பச்சைப் பாசிகளில் மாவுப்பொருள் இருப்பதால் கருநீலமாகும். யூக்ளினா சேமிப்பது வேறு பொருள், நீலமாகாது. அயோடின் உயிரியைக் கொன்றுவிடும் என்பதால் இதைக் கடைசியில் செய்ய வேண்டும். பொன்பழுப்பு நிறத்தில், விறைப்பான ஓட்டுடன் வழுக்கிச் செல்பவை டயாட்டங்கள் எனும் பாசிகள். பிறை வடிவில் பளிச்சென்ற பச்சையாக, நடுவே ஒரு தெளிந்த இடைவெளியுடன் இருந்தால் கிளாஸ்டீரியம். அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு குமிழ்களில் நுண்படிகங்கள் துள்ளிக்கொண்டிருப்பதை 40 மடங்கில் காணலாம். பார்க்கத் தெவிட்டாத காட்சி அது.

ஒன்றுமே தெரியவில்லை என்று சலித்துக்கொள்பவர்களிடம் பெரும்பாலும் கோளாறு வெளிச்சத்தில்தான் இருக்கிறது. இவற்றில் பல நிறமற்ற, ஒளி புகும் உடல்கள். விளக்கை முழுதாக ஏற்றி, மேடைக்குக் கீழே உள்ள ஒளித்துளையையும் முழுதாகத் திறந்தால் வெள்ளை வட்டம் மட்டும் மிஞ்சும். துளையைக் குறுக்கக் குறுக்க உடலின் விளிம்பும் குற்றிழைகளின் துடிப்பும் எழுந்து வரும். அளவுமீறிக் குறுக்கினால் எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்து நுணுக்கம் கெடும். விளக்குக்குப் பதில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த நுண்ணோக்கியில், அந்தக் கண்ணாடியை நேரே சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது; கண் போய்விடும்.

அடுத்த கோளாறு துளியில். 22 மி.மீ. சதுரக் கவர்ஸ்லிப்புக்கு 0.05 மில்லிலிட்டர், அதாவது சொட்டுக்குழாயின் ஒரு துளி போதும். அதிகமானால் கவர்ஸ்லிப் மிதக்கும், உயிரிகள் மேலும் கீழும் போய்ப் பார்வைக்கு நழுவும், 40 மடங்கு லென்ஸும் நனையும். குறைந்தால் உயிரிகள் நசுங்கி உருண்டையாகி வெடிக்கும். எந்தப் படத்திலும் இல்லாத 'புதிய உயிரி' இப்படித்தான் பிறக்கிறது. கவர்ஸ்லிப்பைச் சாய்த்து ஒரு விளிம்பிலிருந்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழ் குறையும். தடித்த கறுப்பு விளிம்பும் பளிச்சென்ற நடுப்பகுதியும் கொண்ட கச்சிதமான வட்டம் காற்றுக்குமிழே, முட்டை அல்ல. வேகமாக ஓடுபவற்றைத் தடுக்கப் பஞ்சின் நாலைந்து இழைகளைப் பிரித்துத் துளியில் போடலாம். இருந்த இடத்திலேயே நடுங்கும் துகள்களுக்கு உயிர் இருக்க வேண்டியதில்லை. நீர் மூலக்கூறுகள் மோதுவதாலும் அந்த நடுக்கம் வரும்.

நடுக்குளத்துத் தெளிந்த நீரில் இந்த உயிரிகளில் பல அரிது. நீர்ச்செடியைப் பிழிந்த நீர், மட்கும் இலையில் சுரண்டிய வழவழப்பு, அடிவண்டலின் மேற்படிவு ஆகியவற்றில் தேட வேண்டும். ஜாடியைப் பாதி மட்டும் நிரப்பி, மூடியைத் தளர்த்தி, வெயில் நேரே படாத இடத்தில் வைத்தால் பல நாட்களுக்குத் தாங்கும். நீரை வாயால் உறிஞ்சி எடுப்பது கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது '400 மடங்கு' என்று மட்டும் போடாமல், 50 அல்லது 100 மைக்ரான் அளவுகோட்டைப் படத்துக்குள்ளேயே அச்சிடுங்கள். பக்க வடிவமைப்பில் படம் சுருங்கினாலும் விரிந்தாலும் கோடும் சேர்ந்தே மாறும். மடங்கு எண் அப்படி மாறாது. அடுத்து, சாயமேற்றிய படமா உயிருள்ள உயிரியின் படமா என்பதையும் குறிப்பிடுங்கள். இளஞ்சிவப்புப் பாரமீசியத்தை அச்சில் பார்த்த மாணவர், துளிக்குள் நிறமின்றி நீந்தும் பாரமீசியத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்.

இப்படிக்கு,
நுண்ணோக்கிப் பயிற்சி தரும் ஆசிரியர்கள்