நூற்று நான்கு கொடுவா

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மீன்களின் மரபியலா, சூழலியலா, ஒன்றைத் தெரிவு செய் என்று அங்கே நெருக்குகிறார்கள் என எழுதியிருந்தாய். உன்னைப்போல் இன்னும் சில பிள்ளைகள் இதே கேள்வியோடு இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உயர்தரத்தில் உனக்கு விலங்கியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரண்டில் எதையும் விடாதே.

கரும்பலகையில் நான் போட்ட கொடுவாக் கணக்கு உனக்கு நினைவிருக்கும். கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைகிறது. சில வருடங்கள் வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை தாய் மீன்கள். சந்தையில் கூடிய விலைக்குப் போவதும் அவைதான். வலையில் பெரியவை போய்ப் போய் நூறு ஆணும் நான்கு பெண்ணும் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். இரண்டு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் 15 சொச்சம் வரும். தோணியில் எண்ணினால் 104 மீன்; மரபுக் கணக்கில், அதாவது பல்வகைமையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் அளவில், 15 மீனுக்குத்தான் சமம். வருகிற குஞ்சுகள் எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அத்தனையும் அந்த நான்கு தாய்களின் பிள்ளைகள். சகோதரங்களே சோடி சேர வேண்டி வரும். நோயையும் வெப்பத்தையும் தாங்கும் பல்வகைமை ஓசையில்லாமல் கரைந்துபோகும்.

அன்று நீ எழுந்து, "சேர், அப்படியென்றால் அப்பா பெரிய மீனைப் பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டாய். உன் அப்பா கல்லடிப் பாலத்தடியில் தோணி வைத்திருந்தவர். அந்தப் பெரிய மீனில்தான் உன் பள்ளிக்கூடச் செலவே நடந்தது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நீ இவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்று நான் நம்புகிறேன்.

ஆய்வுகூடம் அதில் பாதியைத் தரும். நகத்தளவு செட்டைத் துண்டு, மதுசாரம் நிரப்பிய சின்னக் குப்பி, உள்ளே பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு. பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சில் என்று, விடுமுறையில் வந்தபோது நீதான் எனக்குக் காட்டினாய். அந்தத் துண்டுகளை வைத்து எத்தனை பெற்றோரின் வழி வந்த கூட்டம் என்பதை மதிப்பிட்டுவிடலாம். ஆனால் ஏன் குறைந்தது, எந்த மாதத்தில் வலையை நிறுத்தினால் கூடும், எந்தக் கண் அளவு வலை தாய் மீனை விட்டுவிடும் என்பதைக் குப்பி சொல்லாது. அதற்குக் கரையில் நிற்க வேண்டும்.

நம் மட்டக்களப்பு வாவியின் விடயமே தனி. 56 கிலோமீற்றர் நீளமான நீர். கடலோடு அதைச் சேர்ப்பவை இரண்டு ஒடுங்கிய வாய்கள். முகத்துவாரத்தில் மணல் திட்டு ஆற்றுவாயை அடைத்துவிடும். மாரி மழையில் வயல்கள் தாழும்போது வெட்டித் திறப்பார்கள். மணலை மீன் கடலில் போய் முட்டையிடும்; அதன் குஞ்சு வாவிக்குள் திரும்பி வரவேண்டும். வயலுக்காக வெட்டுகிற அந்த வாய்தான் மீனுக்கும் வாசல். திறக்கும் நாள் பிந்தினால் அந்த வருடத்துக் குஞ்சின் கதை என்ன? மரபணுவில் இதன் அடையாளத்தைக் காண வேண்டுமானால் வாய் திறந்த நாள்களும் உன் கையில் இருக்க வேண்டும்.

குஞ்சு பொரிப்பித்து வாவியில் விட்டால் போதும் என்று உன்னிடம் சொல்பவர்கள் உண்டு. மரபியலாளர்கள் நில்ஸ் ரைமனும் லிண்டா லைக்ரேயும் 1991இல் காட்டியதை அவர்களுக்குச் சொல். சில பெற்றோரின் குஞ்சுகளை ஏராளமாக விட்டால், தொகை கூடும்போதே மரபுக் கணக்கில் கூட்டம் சுருங்கலாம். நல்ல மனதோடு செய்வதும் கெடுதலாக முடியும் என்பதை எனக்கு விளங்கவைத்த ஆய்வு அது.

இன்னொன்று. பொறியியல் படித்துவிட்டு மீன்களிடம் வந்த ரொஹான் பெத்தியாகொடவும் அந்தனி கில்லும் 2012இல் இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து ஒரு கொடுவாவைத் தனி இனமாக விவரித்து, லேட்டஸ் லக்திவா என்று பெயரிட்டார்கள். அவ்வளவு காலமும் நம் நாட்டவர் பிடித்து, விற்று, ஆணம் வைத்துச் சாப்பிட்ட மீன்! ஆகவே நம் வாவிக் கொடுவாவின் செட்டையையும் உன் குப்பிகளில் சேர்த்துக்கொள். கிழக்குக் கரை மீனை மற்றவர்கள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்காதே.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து முகத்துவாரம் வெட்டிய திகதிகளை ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். எத்தனை நாள் திறந்திருந்தது, வீச்சுவலைக்காரர்கள் குஞ்சு மணலையை முதலில் எப்போது கண்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. நீ இந்த மாரிக்கு வந்தால் கையில் தருகிறேன். வர முடியாவிட்டால் எழுது, பிரதி எடுத்து அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் சேர்
கல்லடி, மட்டக்களப்பு