எள்ளளவு குறி

யாழ்ப்பாணம்

அன்பின் சரோ,

உம்முடைய கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. பருத்தித்துறை வீதியால் வாகனம் விடுகிறார்களில்லை, எங்கே போவதென்றாலும் சுற்றுத்தான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பின்வளவு முருங்கை மட்டும் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மகள் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு சத்திரசிகிச்சைக் கருவியிலும் எள்ளளவில் ஒரு சதுரக் குறி பொறித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர். அந்த வரியை நாலைந்து தரம் வாசித்தேன். நாங்கள் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நின்ற காலத்தில் அது இருந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த இரவு உமக்கு மறந்திராது. வயிற்றை மூடுமுன் எண்ணினால் ஒரு ஆட்டறி, இரத்தக் குழாயைப் பிடிக்கும் அந்த இடுக்கி, குறைகிறது. நீர் தரையில் குனிந்து தேடினீர், நான் வாளிகளைக் கிளறினேன். எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, வயிற்றுக்குள் இல்லை என்ற பிறகுதான் டொக்டர் தைத்தார். விடியும் நேரத்தில் சலவைக்குக் கட்டிய துணிக்குள் ஒன்று கிடந்தது. கணக்குச் சரி என்று கொப்பியில் எழுதினோம். ஆனால் அதே மூட்டையில் பக்கத்துத் தியேட்டர்த் துணியும் இருந்ததே! கிடைத்தது எங்களுடையதுதான் என்று எதை வைத்துச் சொன்னோம்? பத்து ஆட்டறி என்றால் பத்து. எந்தப் பத்து என்று யாராவது கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை.

தையல் ஊசியைப் பிடிக்கும் இடுக்கி, பூட்டு விழாத அந்த ஊசிபிடியும் அப்படித்தான். பழுது என்று ஒதுக்கி வைத்தோம், யாரோ கழுவி வேறொரு தட்டில் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு நோயாளியின் மேல் அது திரும்ப வழுக்கியது. அதுதானா இது என்று காட்ட ஒரு அடையாளமும் இருக்கவில்லை.

எங்கள் ஊரில் செம்புக்கும் அண்டாவுக்கும் பெயர் வெட்டாமல் விடமாட்டோம். கலியாண வீட்டுக்கு இரவல் போன கிடாரம் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வீடு திரும்பும். பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் தம்பியிடம் கருவிக்கும் இப்படி வெட்டலாமா என்று ஒருநாள் கேட்டேன். வெட்டலாம் அன்ரி என்றான். பிறகு யோசித்துப் பார்த்தால் அது சரிவராது. பெயர் வெட்டும் ஊசி தோண்டும் பள்ளத்தில் இரத்தம் காய்ந்து ஒட்டும், துருவும் அங்கேதான் தொடங்கும். நாங்கள் அடையாளத்துக்குச் சுற்றிய கலர் ஒட்டுநாடாவும் அப்படித்தானே, ஓரம் கிளம்பி அடியில் அழுக்குச் சேர்ந்தது.

லேசரால் செய்யும்போது தோண்டாமலே செய்யலாம். மேற்பரப்பைச் சூடாக்கி உருக்கின் நிறத்தை மட்டும் கறுப்பாக்குகிறார்கள், தொட்டால் வழவழப்பாகவே இருக்கும். சூடு கூடினால் துருவைத் தடுக்கும் குரோமியப் படலம் கெடும், அதனால் பிறகு அமிலத்தில் இட்டுப் படலத்தைத் திரும்பவும் உருவாக்குகிறார்கள். அந்தச் சதுரத்தின் பெயர் டேட்டா மேட்ரிக்ஸ். ஒரு மூலை கீறுப்பட்டாலும் வாசிக்கும்படி அதற்குள்ளேயே திருத்தும் கணக்கு வைத்திருக்கிறார்கள். குறியில் இருப்பது ஒரு இலக்கம் மட்டும். நீராவியால் தொற்றுநீக்கும் ஓட்டோகிளேவுக்குள் எத்தனை தரம் போனது, எப்போது சாணை பிடித்தது, யார் உடம்பைத் தொட்டது என்பதெல்லாம் கணினியில் இருக்கும்.

அமெரிக்காவில் 2013இல் விதி போட்டு, திரும்பத் திரும்பத் தொற்றுநீக்கிப் பாவிக்கும் கருவிகளின் உடம்பிலேயே அடையாளம் இருக்க வேண்டும் என்றார்கள். பிரித்தானியாவில் 1996இல் மாட்டிலிருந்து மனிதருக்கு வந்த அந்த மூளைநோய் வெளிப்பட்ட பிறகு பயம் கூடியது. பிரியான் என்ற அந்தப் புரதம் உருக்கில் ஒட்டிக்கொண்டால், நாங்கள் நம்பியிருந்த 134 பாகைச் சூட்டில் மூன்று நிமிடம் வைத்தாலும் முழுதாக அழியாது. அப்படியென்றால் ஒரு நோயாளிக்கு அந்த நோய் என்று தெரிந்த அன்று, அவருக்குப் பாவித்த கருவி பிறகு யார் யாரிடம் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயரில்லாத கத்தரிக்கோலை எங்கே போய்த் தேடுவது?

தட்டுக்கு மட்டும் பார்கோட் ஒட்டினால் போதும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, உண்மை. ஆனால் கழுவும் தொட்டியில் கருவிகள் தட்டு மாறுவதை நீரும் நானும் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்! எல்லாவற்றுக்கும் காசில்லை என்றால் மூளைக்கும் கண்ணுக்கும் பாவிப்பவற்றில் முதலில் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

எங்களோடு கடைசிக் காலத்தில் வேலை பழகிய பிள்ளை ஒன்று இப்போது தொற்றுநீக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் மகளிடம் இரண்டு விசயம் கேட்டு எழுதும். ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருக்கும் பழைய கருவிகளில் எப்படிக் குறி இட்டார்கள்? கண் சத்திரசிகிச்சைக்கான மெல்லிய கருவிகளில் எந்த இடத்தில் இட்டார்கள்? முடிந்தால் படமும் எடுத்து அனுப்பச் சொல்லும்.

மார்கழியில் மருமகன் அங்கே வருகிறார். ஒடியலும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
பரிமளம்