ரைடு ஏறாதவங்களுக்கும் தீம் பார்க்ல இடம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீம் பார்க்குக்கு வர்றவங்க எல்லாருமே ரைடு ஏறத்தான் வர்றாங்கன்னு அதக் கட்டுறவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க போல. லீவு நாள்ல கேட்டுக்கிட்ட நின்னு பாருங்க, எந்த குடும்பம் வந்து இறங்கினாலும் கூடவே ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பாங்க, பைகளுக்கும் செருப்புக்கும் காவல் அவங்கதான், ஆனா அவங்க நாள் முழுக்க எங்க உக்காருவாங்க, எங்க பாத்ரூம் போவாங்கன்னு யாரும் யோசிச்ச மாதிரி தெரியல.

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 74 வயசு. ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு, போதாக்குறைக்கு போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்புல ஆபரேஷன் வேற. வீட்டுக்குள்ள வாக்கர் பிடிச்சு நல்லாவே நடப்பாங்க, வெளிய வந்தா கொஞ்ச தூரத்துக்கு ஒருதடவை உக்காந்தே ஆகணும். லீவுக்கு நாத்தனார் பசங்க வந்ததும் எல்லாரும் சென்னைக்கு வெளிய இருக்கற ஒரு பெரிய பார்க்குக்கு கிளம்பினோம். வெயில்ல நீ எதுக்கும்மா வரணும்னு மகன் கேட்டதுக்கு "நான் என்ன ராட்டினம் ஏறவாடா வர்றேன், புள்ளைங்க கத்துறத கேக்கத்தான் வர்றேன்"னு சொல்லிட்டு முதல் ஆளா வண்டில ஏறி உக்காந்துட்டாங்க. 95ல கிஷ்கிந்தா தீம் பார்க் ஆரம்பிச்ச புதுசுல இவரையும் நாத்தனாரையும் ஆளுக்கொரு கையில பிடிச்சுக்கிட்டு தாம்பரத்துக்கு பஸ் ஏறி கூட்டிட்டு போனவங்க அவங்க, அவங்கள எப்படி விட்டுட்டு போறது.

பார்க் பேர் எழுதப்போறதில்ல. தெரிஞ்சவங்ககிட்ட பேசினா வேற ஊரு, வேற பார்க், ஆனா கதை என்னமோ இதேதான், அதனால ஒருத்தர மட்டும் திட்டி பிரயோஜனமில்ல.

கவுன்டர்ல ஆரம்பிச்சது. அத்தை எந்த ரைடும் ஏறமாட்டாங்க, உள்ள உக்காந்திருக்க மட்டும் ஏதாவது டிக்கெட் இருக்கான்னு கேட்டேன். "உள்ள வந்தா எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான் மேடம், சலுகை வேணும்னா மாற்றுத்திறனாளி கார்டு காட்டுங்க"ன்னு அந்தப் பையன் சொன்னான், அவன் மேல தப்பில்ல, அவனுக்கு சொல்லிக்குடுத்தது அவ்வளவுதான். ஆனா முழங்கால் தேஞ்ச எத்தன பாட்டிகிட்ட அந்த கார்டு இருக்கும்? பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட் வேணும், அதுக்கு ஜிஎச் போயி டாக்டர பாத்து மெடிக்கல் போர்டு முன்னாடி நிக்கணும், வயசானதால வர்ற முட்டிவலிக்கு யாரு அவ்வளவு தூரம் அலையுறாங்க. ஊருக்குள்ள பாதி பேர் இந்த இடைவெளியிலதான் இருக்காங்க, கார்டு கிடைக்கிற அளவுக்கு முடியாதவங்களும் இல்ல, நாள் பூரா நிக்கிற அளவுக்கு முடிஞ்சவங்களும் இல்ல. சரி காசு போகட்டும்னு முழு டிக்கெட்டே வாங்கினோம். அடுத்து பை செக்கிங்ல அத்தைக்குன்னு கட்டிட்டு போன இட்லிய வெளிய வச்சுட்டு வாங்கன்னாங்க, சுகர் மாத்திரை போடுறவங்க நேரத்துக்கு சாப்பிடணும்ங்க, மாத்திரை சீட்ட காட்டி கெஞ்சினதுக்கப்புறம்தான் விட்டாங்க.

வீல்சேர் கேட்டோம், குடுத்தாங்க, டெபாசிட் வாங்கிக்கிட்டு. ஒரு பக்கம் கால் வைக்கிற பலகை இல்ல. சரி பரவால்லன்னு தள்ளிக்கிட்டு போனா தரை முழுக்க பேவர் பிளாக், கல்லுக்கு கல்லு இடைவெளி, வீல்சேரோட முன்சக்கரம் சின்னது இல்லையா, அது போய் அந்த இடுக்குல மாட்டும், மாட்டுன வேகத்துல உக்காந்திருக்கவங்க முன்னாடி சாய்வாங்க, இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு சொல்லணுமா. ராம்ப்னு ஒண்ணு இருந்துச்சு, சாமான் வண்டி ஏத்துறதுக்கு போட்டது போல அவ்வளவு செங்குத்து, ஆளு உக்காந்த சேர ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினாதான் ஏறுது. கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, ஒரு அடி உயரம்னா பன்னண்டு அடி நீளத்துக்கு சரிவு இருக்கணும், மத்திய அரசு கைடுலைன்லயே இருக்கு, கட்டுற மேஸ்திரிக்கே இது தெரியும்.

பாத்ரூம் கதைதான் உச்சம். கதவுல வீல்சேர் படம் போட்ட கழிப்பறை இருந்துச்சு, பூட்டியிருந்துச்சு. சாவி யாருகிட்டன்னு தேடி ஒரு அக்காவ கூட்டிட்டு வந்து திறந்தா உள்ள மாப்பு, பக்கெட், பினாயில் கேன், உடைஞ்ச சேர். அந்த அக்கா பாவம், "இத யாரும் கேக்கறதில்லம்மா, அதான் சாமான் வச்சிருக்கோம்"னாங்க. பூட்டி வச்சா யாரு கேப்பாங்க? மத்த டாய்லெட் எல்லாத்துக்கும் வாசல்ல படி, தரை ஈரம், பிடிச்சுக்க ஒரு கம்பி இல்ல. அத்தை அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கல. கேட்டா தாகம் இல்லன்னாங்க. மே மாச வெயில்ல தாகம் இல்லாம இருக்குமா, பாத்ரூம் போக பயம். வயசானவங்க வெளிய வந்தா மயங்கி விழுறதுக்கு வெயில் பாதி காரணம்னா இது மீதி பாதின்னு எனக்கு தோணுது.

உக்கார இடம்னு பாத்தா ஃபுட் கோர்ட்ல மட்டும்தான் நிழல், அங்க எதாவது வாங்கினாதான் உக்காரலாம். ரைடு பக்கத்துல இருக்கற பெஞ்சு எல்லாம் இரும்பு, வெயில்ல காஞ்சு கிடக்கு. பசங்க ஏறுற இடத்துல பெஞ்சு போட்டா பாட்டி பாத்து கையாட்டலாம், ஆனா அந்த இடத்துல கடைதான் இருக்கு.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமானது வேவ் பூல்லதான். அத்தைக்கு ரைடு எதுவும் வேணாம், அந்த தண்ணில கால் நனைக்கணும், அவ்வளவுதான் ஆச. காட்டன் துணி நூல் விட்டு ஃபில்டர அடைக்கும், நைலான் டிரஸ் போட்டாதான் பூல்ல விடுவோம்னு எல்லா இடத்துலயும் ரூல், அது நியாயமான ரூல்தான், புரியுது. ஆனா புடவ கட்டின 74 வயசு அம்மா நைலான் டைட்ஸ் வாடகைக்கு எடுத்து போட்டுக்கிட்டு வருவாங்களா? ஓரமா முழங்கால் அளவுக்கு ஒரு தனி தொட்டி, சுத்தி உக்கார திண்ணை, பிடிச்சு எழுந்துக்க ஒரு கம்பி, வேற ஒண்ணும் வேணாம். கோடிக்கணக்குல ரோலர் கோஸ்டர் இறக்குறவங்களுக்கு இது ஒரு செலவா?

நல்லத சொல்லாம விடக்கூடாது. ஹார்ட் பேஷன்ட், முதுகுவலி இருக்கவங்க, ஆபரேஷன் பண்ணவங்க ஏறக்கூடாதுன்னு ஒவ்வொரு ரைடு முன்னாடியும் போர்டு வச்சிருக்காங்க, ஆபரேட்டர் பசங்களும் அதுல கறாரா இருந்தாங்க. நாங்களும் அத்தைய ஏத்திவிட சொல்லி கேக்கல. பொம்மை ரயில் மாதிரி மெதுவா போறதுல ஏறலாம்னு அவங்களே சொன்னாங்க, ஆனா அதோட பிளாட்பாரத்துக்கு ஏழெட்டு படி, கியூ கம்பி வளைஞ்சு வளைஞ்சு போகுது, அதுல வாக்கரே நுழையாது.

வீட்டுக்கு வந்து சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பொதுக்கட்டடம்னா கவர்மென்ட் ஆபீஸ் மட்டும் இல்ல, ஜனங்க வந்து போற தனியார் இடமும் சேர்த்திதான், பொழுதுபோக்கு இடம்னு தனியாவே சொல்லியிருக்கு. ஏற்கனவே கட்டின கட்டடங்களுக்கு விதி அறிவிச்சதுல இருந்து 5 வருஷம் டைம் குடுத்தாங்க, விதி வந்தது 2017 ஜூன்ல, அப்போ அந்த டைம் 2022லயே முடிஞ்சாச்சு. அந்த விதியும் செஞ்சா நல்லதுங்கற மாதிரி எழுதியிருந்துச்சு, கட்டாயமாக்கி எழுதுங்கன்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே மத்திய அரசுக்கு சொல்லுச்சு. மீறினா முதல் தடவை அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபா. ஒரு பெரிய குடும்பம் ஒரு நாள் பார்க்குக்கு போயிட்டு வந்தாலே அவ்வளவு ஆகும், யாரு பயப்படுவாங்க.

நம்ம ஊர்ல முடியாததுன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்க மாட்டேன். மெரினா மணல்லயே 2022ல 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டு வீல்சேர் அலை பக்கத்துல போற மாதிரி பண்ணாங்களே, மாண்டஸ் புயல் வந்து உடைச்சுது, திரும்ப சரி பண்ணாங்க. ஆயிரத்து முன்னூறு படி இருக்கற சோளிங்கர் மலைக்கு 2024ல ரோப் கார் வந்தாச்சு, பழனில அதுக்கு ரொம்ப முன்னாடியே வின்ச்சும் ரோப் காரும் ஓடுது. வண்டலூர் ஜூல பேட்டரி கார் இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு. இவ்வளவும் கவர்மென்ட்டால முடியுது, டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்குல வாங்குற தனியாரால ஒரு பேட்டரி கார் விட முடியாதா? ஒண்ணு விட்டாலே பாதி பிரச்சனை தீரும்.

அடுத்து கூட்டிட்டு போறவங்களுக்கு ரெண்டு வார்த்த. கிளம்புறதுக்கு முன்னாடி போன் போட்டு வீல்சேர் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்லுவாங்க, கால் பலகை இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு படி இல்லாம போக முடியுமா, அது திறந்திருக்கான்னு கேளுங்க. லீவு முடிஞ்சு வார நாள்ல போனா கூட்டம் கம்மி, திறந்தவுடனே உள்ள போயிட்டா நிழல்ல ஒரு இடத்த பிடிச்சுடலாம். மடக்குற ஸ்டூல் ஒண்ணு கைல இருந்தா பெஞ்சுக்கு அலைய வேணாம். வாக்கர் இல்ல கைத்தடி அடியில ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா மாத்திட்டு போங்க, அந்த ஈரத்தரையில அதுதான் உயிர். முக்கியமா பெரியவங்கள ஒரு மூலையில உக்காரவச்சுட்டு எல்லாரும் ஓடிடாதீங்க, முறை போட்டு ஒருத்தர் கூட இருங்க. எங்க வீட்ல பெரிய பேத்தி ரெண்டு ரைட விட்டுட்டு பாட்டி கூட சோளம் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தா, அன்னைக்கு அத்தை நல்லா சிரிச்சது அந்த நேரத்துலதான்.

கடைசியா உங்ககிட்டயும் ஒரு கோரிக்கை சார். வருஷா வருஷம் ஏப்ரல் மே வந்தா கோடை சுற்றுலான்னு பார்க், அருவி, மலைன்னு பக்கம் பக்கமா போடுறீங்க, டிக்கெட் ரேட், நேரம், எந்த பஸ்ஸுனு எல்லாம் இருக்கு. அதுலயே ஒவ்வொரு இடத்துக்கும் கூட ஒரே ஒரு வரி, படி இல்லாம உள்ள போகலாமா, பேட்டரி கார் இருக்கா, கழிப்பறை எப்படின்னு உங்க நிருபர் நேர்ல போய் பாத்து எழுதினா போதும். பேப்பர்ல வரும்னு தெரிஞ்சா அந்த மாப்பு பக்கெட்ட எல்லாம் அவங்களே எடுத்து வெளிய வச்சுடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை.